மூன்று பேர் நிற்கும் படம்

சென்னியப்பனுக்கு ஞாபகம் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை முற்பகலில், கோபியிலிருந்து ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர்கள். சென்னியப்பன் டிரில் மாஸ்டர். ஆரோக்கியசாமி கணக்கு வாத்தியார். போன வருடம் கோயம்புத்தூரில் இதே வீட்டுக்கு அவர் வந்தபோது, சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டு, "சார் எந்த ஆபீசுங்க?" என்று கேட்டிருந்தார். அன்று அழுதுகொண்டே திரும்பிப் போன மனிதர், இன்று செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்றா ஆரோக்கியம், மீசைய எங்கடா தொலைச்ச?"

ஆரோக்கியசாமி ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பஸ்ஸுல விட்டுட்டேன்டா. டிரைவரே இல்லாத பஸ்ஸு. ரெண்டு மணி நேரம் யாருகிட்டப் பேசறதுன்னு தெரியாம வாயே ஒட்டிக்கிச்சு" என்றார்.

அடுக்களை வாசலில் சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐம்பது வருடமாகக் கேட்டுச் சலித்த அந்தக் கேலிப்பேச்சு இவ்வளவு இனிமையானது என்று இப்போதுதான் தெரிந்தது.

"தொண்ணூத்தொம்பது மே மாசம் திம்பம் மலையில வேன் கொதிச்சு நின்னுதே, ஞாபகம் இருக்குதாடா?" என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "பதினாறாவது வளைவு. ரோட்டு மேல யானைச் சாணி. இன்னும் ஆவி பறக்குது. உன்ற சம்சாரம் ஜெபமாலைய எடுத்துட்டா. எங்க தாரணி மட்டும் யானை எங்கப்பா, யானை எங்கப்பான்னு குதிக்குது. மஞ்சக் கவுனு. மேல் பித்தான் அந்துபோயி ஊக்குப் போட்டிருந்துது."

ஆரோக்கியசாமி தொடையில் தட்டினார். "கணக்கு வாத்தியாரு, நானே மறந்துட்டனேடா! சரி, ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டாந்தது யாரு? அதச் சொல்லு பாக்கலாம்."

"நீதான்."

"நானா? நான் வேனுக்குள்ள ஏறிக் கண்ணாடிய ஏத்திட்டு ஒக்காந்துட்டேன். வசந்தா தங்கச்சிதான்டா கொடத்தைத் தூக்கிட்டுப் பள்ளத்துல எறங்குச்சு. போற போக்குல நம்மளப் பாத்து, ஆம்பளைங்கெல்லாம் பத்திரமா இருங்கன்னு சொல்லிட்டுப் போச்சே!"

சென்னியப்பன் முகத்திலிருந்த புன்னகை மாறவில்லை. உண்மையாகவே யோசித்தார். மலை இருந்தது, வளைவு இருந்தது, சாணியின் ஆவிகூட இருந்தது.

"வசந்தாவா? யார்றா அது?"

ஆரோக்கியசாமியின் பார்வை மெல்ல அடுக்களை வாசலுக்குப் போனது. வசந்தாமணி காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து கணவன் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, விருந்துக்குப் போன இடத்தில் பேசுகிற மரியாதையோடு நிமிர்ந்தார்.

"காப்பி நல்லா இருக்குதுங்கம்மா. உங்களுக்கு எந்த ஊருங்க?"

*

இதில் கொடுமை என்னவென்றால், ஒரு மாதத்துக்கு முன்புவரை நிலைமை நேர்மாறாக இருந்தது. நோய் தொடங்கி இரண்டு வருடத்தில் சென்னியப்பன் தெருவை மறந்தார், பள்ளிக்கூடத்தை மறந்தார், மகள் தாரணியைப் பார்த்து "பேங்க்குல இருந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஆனால் வசந்தாமணியை மட்டும் மறக்கவில்லை. எந்த அறையில் இருந்தாலும், "அம்மிணி, எங்க போயிட்ட?" என்று குரல் கொடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

தாரணிதான் அந்த மருத்துவ நிலையத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே தலைக்கு ஒரு பட்டை போடுவார்கள். நெற்றியைச் சுற்றி வரும், பார்ப்பதற்கு விளையாட்டுக்காரர்கள் வியர்வைக்குக் கட்டுகிற துணிப்பட்டை மாதிரியே இருக்கும். எதிரே திரையில் ஒரு பழைய போட்டோவைக் காட்டி, அந்த நாளைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பேசும்போது மூளையில் எந்த இடம் கண் விழிக்கிறது என்று பட்டை கண்டுகொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய தூண்டலைக் கொடுக்கும். வாரத்தில் மூன்று நாள். "ஆல்பம் இருந்தா எல்லாத்தையும் கொண்டு வாங்க. முக்கியமா டூர் போன படங்க. சந்தோஷமான ஞாபகந்தான் சீக்கிரம் எந்திரிக்கும்" என்றார்கள்.

டூர் படங்களுக்கு அந்த வீட்டில் குறைவில்லை. வசந்தாமணி தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினியரிடமிருந்து வாங்கிய ஜப்பான் கேமரா அவளிடம் இருந்தது. பதினான்கு வருடம், ஒவ்வொரு மே மாதமும் ஒரு பயணம். சில வருடம் மூன்று பேர் மட்டும். சில வருடம் ஆரோக்கியசாமி குடும்பத்தோடு வேனில். ஒகேனக்கல், ஊட்டி, தனுஷ்கோடி, மைசூர் என்று நானூறு படத்துக்கு மேல்.

அந்த நானூறில் ஒன்றில்கூட வசந்தாமணி இல்லை.

மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக்கூடாது என்பது அவர்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. எடுத்தால் மூன்றில் ஒருவர் தங்கமாட்டார்களாம், அதிலும் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாதாம். வசந்தாமணி ரிலேயையும் சர்க்யூட்டையும் பிரித்துப் போட்டு மாட்டுகிறவள். இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கவும் யாருக்கும் மனம் வராது. கேமராவில் டைமர் இருந்தது. அதை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்று பின்னால் நகர்ந்துவிடுவாள். நண்பர்கள் கூட வந்தபோது எண்ணிக்கை இடிக்கவில்லை என்றாலும், அதற்குள் கேமரா அவளுடையதாகிவிட்டது. மற்றவர்கள் எடுத்தால் தலையை வெட்டிவிடுவார்கள் என்று யார் கையிலும் கொடுக்கமாட்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அங்கே நிற்கத்தான் பிடித்திருந்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணை அந்தச் சின்ன ஜன்னலில் வைத்தால், அவளுக்கு உலகத்தில் வேண்டிய இரண்டு பேரும் அதற்குள் அடங்கிப்போவார்கள்.

*

"வெல்லம் காய்ச்சறதைப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர் ஃபர்ஹானா, மறுவாரம் அந்த மருத்துவ நிலையத்தில்.

"கவுந்தப்பாடிக்காரிங்க நானு. ஆலைக் கொட்டாயிலதான் வளந்தேன்."

"அப்ப சுலபமாப் போச்சு. ஞாபகம்னா அலமாரியில எடுத்து வெச்ச சாமான் மாதிரின்னு எல்லாரும் நினைக்கறாங்க. அப்படி இல்ல. அது வெல்லம் மாதிரி. ஒவ்வொரு தடவை நினைக்கறப்பவும் உருகிப் பாகாயிடும். திரும்ப இறுகறதுக்குச் சில மணி நேரம் ஆகும். எனக்கும் உங்களுக்கும் தினமும் நடக்கறதுதான் இது. நாங்க என்ன பண்றோம்னா, பாகா இருக்கற நேரத்துல பட்டையால கொஞ்சம் தூண்டி, நல்லா கெட்டியா இறுக வைக்கறோம். போட்டோதான் அச்சு."

"அச்சுக்கு வெளிய சிந்தறது?" என்றாள் வசந்தாமணி.

டாக்டர் மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "அது இறுகாதும்மா."

"மண்ணோட போயிரும்."

"இன்னொண்ணும் இருக்கு. ஒரு ஞாபகம் மேல வரணும்னா, அதுக்குப் பக்கத்துல இருக்கற ஞாபகங்களை மூளை கொஞ்சம் அமுக்கும். அப்பத்தான் இது தெளிவா வரும்."

"ஒரு லைன்ல பேசிட்டு இருக்கறப்ப அதே நம்பருக்கு வேற யாரு கூப்பிட்டாலும் எங்கேஜ்டுன்னு வருமே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான்! ரொம்பச் சரியாச் சொன்னீங்க" என்று டாக்டரின் முகம் ஒரு கணம் மலர்ந்து, எதிரே இருப்பவள் யார் என்ற நினைவு வந்ததும் வாடியது. "நமக்கு இது மெதுவா நடக்கும், தானாச் சரியாவும் ஆயிடும். இவருக்கு நாங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம். ஒரு மாசமா அவரோட மூளையில அந்த நானூறு லைனும் இடைவிடாமப் பேசிட்டு இருக்கு. நீங்க ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி பக்கத்துல நிக்கறீங்க. ரொம்பப் பக்கத்துல. அதனால ஒவ்வொரு தடவையும் அமுங்கினது நீங்கதான்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

"இருநூறு பேருக்கு மேல பட்டை போட்டிருக்கோம்மா. யாரோட ஆல்பத்துல பார்த்தாலும் வீட்டுக்காரங்க எங்கயாவது நாலு படத்துல இருப்பாங்க. ஓரமா, பாதி முகமா, அசைஞ்சு போயாவது. ஒரு டூர் படத்துலகூட இல்லாத பெண்சாதியை நாங்க இப்பத்தான் பார்க்கறோம்."

"நிறுத்திட்டா?"

"இறுகினது ஆறேழு மாசத்துல உதிரும். நண்பர் போவார், மகள் போவாங்க. அப்புறம் சோத்தை முழுங்கறது எப்படிங்கறதும் போகும். நிறுத்தினதால நீங்க திரும்பி வர மாட்டீங்க."

*

முதலில் கல்யாணப் போட்டோவை வைத்துப் பார்த்தார்கள். மாலைக்குள் முகம் புதைத்துத் தலை குனிந்திருக்கும் இருபத்தொரு வயதுப் பெண். நான்கு அமர்வுக்குப் பிறகு சென்னியப்பன் அவளை நன்றாகவே தெரிந்துகொண்டார். ஆனால் அன்றே சாப்பிட உட்காரும்போது தாரணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பாப்பா, கல்யாணத்தன்னைக்கு ஒரு புள்ள எம் பக்கத்துல ஒக்காந்திருந்துது. அதுக்கப்பறம் அதக் காணோம். நானும் எல்லா ஊர்லயும் பாத்துட்டேன். ஊட்டியில இல்ல. தனுஷ்கோடியில இல்ல. யாரும் போலீசுல சொல்லலியா?"

சாதம் பரிமாறிக்கொண்டிருந்த வசந்தாமணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அம்மா, நான் உன்னைய உள்ள வெச்சர்றேன்" என்றாள் தாரணி, கை கழுவுகிற இடத்தில்.

அவள் வேலையே அதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு, மாடல்களே இல்லாமல் உடுப்புப் படம் தயாரித்துக் கொடுப்பாள். பிறக்காத பெண்கள் அவளுடைய கணினியில் கடற்கரையில் நடப்பார்கள், தலைமுடி காற்றில் பறக்கும். அம்மாவைப் பழைய படத்துக்குள் நிறுத்துவது அவளுக்கு அரைமணி நேர வேலை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. முப்பது வயது வசந்தாமணியின் முகம் எப்படி இருந்தது என்று காட்ட எதுவுமே இல்லை. இலாகா கொடுத்த அடையாள அட்டையில் தபால் தலை அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளை முகம், முத்திரை பாதியை மூடியிருந்தது.

"மீதிப் பாதிக்கு என் மூஞ்சிய எடுத்துக்கறேன். எல்லாரும் அம்மா ஜாடைன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் தாரணி.

திரையில் ஊட்டி படகுத்துறை விரிந்தது. கம்பளிக் குல்லாயோடு ஆறு வயது தாரணி, கையைக் கட்டிக்கொண்டு சென்னியப்பன். இருவருக்கும் இடது பக்கத்தில் ஒரு பெண் மெல்லத் துலங்கினாள். பச்சைச் சேலை, கடுகு நிறக் கரை. அழகாக இருந்தாள்.

"இந்த மாதிரிச் சேலை எங்கிட்ட இருந்ததே இல்ல, சாமி."

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

வசந்தாமணி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மூன்று பேர். வாழ்க்கையில் முதல் முறையாக மூன்று பேரும் ஒரே படத்தில்.

"என்னைய ஓரமா வெக்காத. அப்ப உங்க அப்பாவோ நீயோ நடுவுல வந்தர்றீங்க. நடுவுல என்னைய நிறுத்து."

"அம்மா, நீ இதெல்லாம் நம்பறியா?"

"நம்பறனோ இல்லியோ. நடுவுல நிறுத்து."

*

மூன்று வாரம் ஆனது. ஒரு புதன்கிழமை காலை, வசந்தாமணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழிருந்து குரல் வந்தது.

"அம்மிணி, எங்க போயிட்ட?"

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுப் படி இறங்கினாள். எழுபத்து நான்கு வயதில் அப்படி இறங்கியிருக்கக்கூடாது. சென்னியப்பன் அவளை உற்றுப் பார்த்தார், முகத்தில் எதையோ தேடினார், கண்டுகொண்டார். "வயசாயிப்போச்சு அம்மிணி உனக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அன்றைக்கு முழுதும் அந்தக் கையைக் கழுவவில்லை.

அதன்பிறகு வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. சென்னியப்பன் பேசப் பேசப் பயணங்கள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் அவள் இருந்தாள். பச்சைச் சேலையில் படகுத்துறையில் நின்றாள். மைசூர் அரண்மனை வாசலில் அவர் தோளில் கை வைத்திருந்தாள். சில நேரம் அவர் சொல்கிற அம்மிணி, தன்னைவிடக் கொஞ்சம் கலகலப்பானவள், கொஞ்சம் உயரமானவள் என்று வசந்தாமணிக்குத் தோன்றும். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒகேனக்கல்லில்தான் சறுக்கியது.

"பரிசல் ஒரு சுத்துச் சுத்துச்சு பாரு, நீ என்ற சட்டையப் புடிச்சுட்டு அழுத அழுகை!" என்று சிரித்தார் சென்னியப்பன்.

அவளும் சிரித்துக்கொண்டே, நினைக்காமல், "நான் எங்கீங்க பரிசல்ல ஏறுனேன்? நான் கரையில பாறை மேல நின்னு உங்களைத்தான எடுத்துட்டு இருந்தேன்" என்றாள்.

சிரிப்பு நின்றது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"எங்க அம்மிணி பரிசல்ல எங்க கூட இருந்தா."

"ஆமாங்க, இருந்தேன், நாந்தான் மறந்துட்டு..."

"நீங்க யாருங்க?" எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "பாப்பா! இந்தம்மா எப்படி உள்ள வந்துச்சு? அம்மிணி எங்க? அம்மிணிய என்ன பண்ணுனீங்க?"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வசந்தாமணி எதிர்வீட்டில் தங்கினாள். ஜன்னலைத் திறந்தால் கணவர் தன்னைத் தேடுவது அங்கே கேட்டது. அவர் கூப்பிட்ட பெயர் அவளுடையது. ஆனால் போய் முன்னால் நின்றால் பயந்துவிடுவார்.

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. நடந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வாய்க்குள் கண்ணாடித் துண்டு மாதிரி கிடந்தது. எந்த வார்த்தையோடு எது வெளியே வருமோ? நாளுக்கு நாலு வார்த்தை பேசினாள். அதற்கும் அவர், "ஏன் அம்மிணி பேச மாட்டேங்கற? எம் மேல கோவமா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரோட ஞாபகமும் ஒத்துப் போகணும்மா" என்றார் டாக்டர் ஃபர்ஹானா. "நீங்க மாத்திச் சொல்றப்ப எல்லாம் அவருக்குப் பாகு திரும்ப உருகுது. திரும்ப இறுகறப்ப எந்த அச்சுல விழும்னு சொல்ல முடியல. இப்படியே இன்னும் ரெண்டு தடவை நடந்தா, அப்புறம் உங்களை எப்பவுமே வேற ஆளாத்தான் பார்ப்பார்."

"நான் பேசாம இருந்துக்கறனுங்க."

"எத்தனை நாளைக்கு?"

ஏசிக் காற்றில் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பட்டை ரெண்டாவது ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றார் டாக்டர். "துணைக்கு இருக்கறவங்களுக்குப் போடறது உண்டு. ரொம்பக் குறைஞ்ச தூண்டல்ல. உங்களுக்கு வியாதி இல்ல, அதனால கொஞ்சந்தான் மாறும்னு எதிர்பார்க்கறோம். ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன். போனது திரும்ப வராது."

*

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?" தாரணி காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். "அப்பாவுக்கு வேற வழியில்ல. உனக்கு என்ன வந்துது? நல்லா இருக்கற மூளைய எடுத்துக் குடுக்கறேங்கற!"

"கத்தாத கண்ணு."

"நான் பண்ணுன பொய்யும்மா அது! அந்தச் சேலை நான் ஒரு பனியன் கம்பெனிக் கோப்புல இருந்து எடுத்தது. அந்தக் கை வேற யாரோட கையோ. அதப் போயி உன் ஞாபகமா வெச்சுக்கப் போறியா?"

"உங்கப்பா ஞாபகத்துல இருக்கறது அவதான. அவ இருக்கற எடத்துலதான் நான் போயி இருக்க முடியும்."

"அப்ப நெசமா நடந்தது யாருகிட்ட இருக்கும்? அதச் சொல்லு. யாருகிட்ட இருக்கும்?"

வசந்தாமணி திரும்பி மகளின் கன்னத்தைத் தொட்டாள். "உங்கிட்ட இருக்கும். எல்லாப் படத்துலயும் நீ பல்லைக் காட்டிட்டு நிக்கறயே, யாரப் பாத்துச் சிரிச்ச? என்னையப் பாத்துத்தான. அத நீ வெச்சுக்க. எனக்கு உங்கப்பா கூப்புட்டா ஏன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

தாரணி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் அவள் நெற்றியில் கட்டிய பட்டை இளஞ்சூடாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. முதல் அமர்வுக்கு முன்னால், கடைசியாக ஒருமுறை என்று வசந்தாமணி அந்தச் சின்ன ஜன்னலை நினைத்துப் பார்த்தாள். ஊட்டிக் குளிரில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியதும், அவள் புறங்கையால் துடைத்ததும், துடைத்தவுடன் அந்த இரண்டு முகமும் கழுவிவிட்டது போலத் தெரிந்ததும். பொத்தானை அழுத்தும்முன் அவள் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இப்போதும் பிடித்துக்கொண்டாள். திரையில் படம் வந்தது.

ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு, வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி நினைத்துப் பார்த்தாள். ஏரி வந்தது. படகு வந்தது. நடுவில் பச்சைச் சேலையில் அவள் நின்றாள். தன்னைத் தானே எதிரில் நின்று பார்ப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. இன்னும் என்னவோ ஒன்று இருந்ததே என்று யோசித்தாள். அதற்குள் சென்னியப்பன் கூப்பிட்டார். "வர்றனுங்க" என்று எழுந்து போனாள்.

*

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து சுவர்த்திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான். சென்னியப்பனும் வசந்தாமணியும் மாறி மாறிப் பேசுவார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்குவார்.

"பரிசல்ல நீ அழுத அழுகை!"

"பின்ன? கவுந்துதுன்னா புள்ளைய யாருங்க புடிப்பா? உங்களுக்கு நீச்சலும் தெரியாது."

"டிரில் மாஸ்டர்டி நானு!"

"தண்ணிக்குள்ள போயி லெப்ட் ரைட்டா போடுவீங்க?"

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். தாரணி மடியிலிருந்த கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அதிகம் பேசுவதில்லை. வேலை ஜாஸ்தி போலிருக்கிறது, உடம்பை வேறு கவனிப்பதில்லை என்று வசந்தாமணிக்குக் கவலை.

அடுத்து வந்தது தனுஷ்கோடி. இடிந்த சர்ச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். முன்னால் வெள்ளை மணலில் சென்னியப்பனும் எட்டு வயது தாரணியும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டே பேர்.

"இதுல நான் எங்க?" என்றாள் வசந்தாமணி. பிறகு அவளே, "எனக்குத்தான் வெயில் ஆகாதே. வண்டிக்குள்ள ஒக்காந்திருப்பேன்" என்றாள்.

தாரணி படத்தைத் தள்ளவில்லை.

"இது ஒண்ணை மட்டும் நான் தொடலம்மா. அப்படியே விட்டுட்டேன்."

"எதைத் தொடல?"

"நல்லாப் பாரும்மா. கீழ பாரு."

வசந்தாமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தாள். படத்தின் கீழ் ஓரத்தில், மணல் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. சாயங்கால நிழல், நீளமானது. ஒரு பெண். கொண்டை தெரிந்தது, காற்றில் பறக்கும் முந்தானை தெரிந்தது. இரண்டு முழங்கையையும் தூக்கி முகத்துக்கு நேரே எதையோ பிடித்திருந்தாள். நிழலின் தலை நேராகப் போய்க் குழந்தையின் காலடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரு சாமி இது?"

தாரணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பனும் குனிந்து பார்த்தார். "யாரோ ஒருத்தி. அன்னைக்கு அங்க நம்மளத் தவிர யாருமே இல்லியே அம்மிணி?"

"ஆமாங்க. யாருமே இல்ல." வசந்தாமணியின் குரல் இறங்கிவிட்டது. "நம்ம பின்னாடியே வந்திருக்கறா பாருங்க. நீங்க பாட்டுக்குத் தெரியாம நின்னிருக்கறீங்க. புள்ளைக்கு எவ்வளவு கிட்ட நிக்கறா!"

அவள் கை தானாகவே நீண்டு மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆபத்திலிருந்து இப்போதே இழுத்துக்கொள்வதுபோல.

"அம்மா..." என்றாள் தாரணி. "உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணாம? பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. அத எடுத்துரு கண்ணு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எடுத்துரு."

"வேண்டாம்மா. இது ஒண்ணு இருக்கட்டும்மா."

"உங்கப்பா பயந்துக்குவாரு. எடுத்துருன்னு சொல்றனல்ல?"

தாரணி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவள் விரல் மடிக்கணினித் திரையின் கீழ் ஓரத்தில் மெல்ல நகர்ந்தது. முதலில் முந்தானை போனது. அப்புறம் கொண்டை. தூக்கிய முழங்கைகள் இரண்டும் கடைசிவரை நின்று, பிறகு அவையும் போயின. அந்த இடத்தில் மணல் நிரம்பியது. ஒரு காலடிகூடப் படாத வெள்ளை மணல்.

"இப்பத்தான் படம் நல்லா இருக்குது" என்று வசந்தாமணி சாய்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் மகளின் தோள் குலுங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க இவள! யாரோ எவளோ, அவளுக்காகப் போயி இந்த அழுகை அழுகறா."